குண்டு டாமி: இலவச லேப்டாப்பும் அகலத்திரையும்

1

தமிழ்நாட்டு அரசு மக்களுக்கு இரண்டு முறை 14 இன்ச் திரை கொடுத்திருக்கிறது. முதல் முறை 2006 செப்டம்பர் 15, கலைஞர் ஆட்சியில்: வண்ணத் தொலைக்காட்சி. இரண்டாவது முறை 2011 செப்டம்பர் 15, ஜெயலலிதா ஆட்சியில்: மடிக்கணினி. இரண்டும் அண்ணா பிறந்தநாளில் தொடங்கியவை. இரண்டையும் கொள்முதல் செய்தது எல்காட். அரசியல் மேடைகளில் ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை நிறுத்தித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த இரண்டு திரைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

டிவியின் திரை 4:3. அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. லேப்டாப்பின் திரை 16:9. திரையை மூலைவிட்டத்தால்தான் அளக்கிறோம், அதனால் இரண்டுமே 14 இன்ச். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4:3 திரை 11.2 இன்ச் அகலம், 8.4 இன்ச் உயரம், பரப்பு சுமார் 94 சதுர இன்ச். 16:9 திரை 12.2 இன்ச் அகலம், 6.9 இன்ச்சுக்குக் கொஞ்சம் கீழே உயரம், பரப்பு சுமார் 84 சதுர இன்ச். அதே 14 இன்ச்சில் பதினொரு சதவீதம் இடம் காணாமல் போயிருக்கிறது. அகலத்திரை என்ற பெயரில் நமக்குக் கிடைத்தது உயரம் குறைந்த திரை.

இந்தக் கட்டுரை அந்த உயரக் குறைவைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு வடிவத் திரைக்காகச் செய்யப்பட்ட விளையாட்டுகள் வேறு வடிவத் திரைக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆனது என்பதைப் பற்றியது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி, கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு ஐந்தாண்டுகளில் 68 லட்சம் லேப்டாப் என்பது அந்தத் திட்டத்தின் இலக்கு. திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி ஊர் ஊராக அது வந்தது. மூடியில் முதல்வர் படம். உள்ளே விண்டோஸ் ஒரு பக்கம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம். பையன்கள் முதலில் ஏற்றியது இந்த இரண்டில் எதற்கான பாடப் புத்தகமும் இல்லை. பென் டிரைவில் வந்த வைஸ் சிட்டி.

2

4:3 எங்கிருந்து வந்தது? எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டபிள்யூ.கே.எல். டிக்சன், 1890களின் தொடக்கத்தில் 35 மில்லிமீட்டர் படச்சுருளை வடிவமைத்தார். ஒரு சட்டகத்துக்கு நான்கு ஓட்டைகள் என்று முடிவுசெய்தார். படம் ஏறக்குறைய ஒரு இன்ச் அகலம், முக்கால் இன்ச் உயரம் என்று அமைந்தது. அந்த விகிதம் சினிமாவில் நிலைத்தது. பிறகு தொலைக்காட்சி வந்தபோது அதையே எடுத்துக்கொண்டது. கணினி வந்தபோது தொலைக்காட்சியின் குழாயை எடுத்துக்கொண்டது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏவின் 640×480, அதன் பிறகு 800×600, 1024×768 எல்லாமே 4:3. ஒரு படச்சுருளில் எத்தனை ஓட்டை போடலாம் என்று எடுத்த முடிவு, நூறு வருஷம் கழித்து நம்ம ஊர் பிரவுசிங் சென்டர் மானிட்டர் வரை வந்து நின்றது.

அகலம் வந்தது போட்டியால். வீட்டுக்குள் டிவி நுழைந்ததும் அமெரிக்க சினிமா பயந்துபோய், டிவியால் தர முடியாத ஒன்றைத் தர நினைத்தது. 1953இல் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. தமிழுக்கு அது வர இருபது வருஷம் ஆனது. 1973இல் வெளியான 'ராஜராஜ சோழன்'தான் முதல் தமிழ் சினிமாஸ்கோப் படம். பெரிய கோயிலைக் காட்ட அகலம் தேவைப்பட்டது என்று சொல்வார்கள். உண்மையில் பெரிய கோயிலுக்குத் தேவை உயரம்தான்!

16:9 இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்த சமரசம். 1980களில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு ஒரு வடிவம் தேடியபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் புழக்கத்தில் இருந்த எல்லா விகிதங்களையும் ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச்செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உட்செவ்வகமும் கிட்டத்தட்ட 16:9இல் இருந்தன. 4:3 படத்தைப் போட்டால் பக்கவாட்டில் கறுப்பு, ஸ்கோப் படத்தைப் போட்டால் மேலும் கீழும் கறுப்பு. யாருக்கும் முழுசாகப் பொருந்தாது, யாருக்கும் ரொம்பவும் மோசமாக இருக்காது. கூட்டணி ஆட்சி மாதிரி ஒரு விகிதம்.

லேப்டாப்புக்கு இது வந்ததற்குக் காரணம் நம் கண்களின் வசதி அல்ல. எல்சிடி பேனல்களை ஒரு பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். தொலைக்காட்சிக்காக 16:9 பேனல் செய்யும் ஆலைகளுக்கு, லேப்டாப்புக்கும் அதே வடிவத்தில் வெட்டுவது லாபம். அதே மூலைவிட்டத்தில் கண்ணாடியும் குறைவாகச் செலவாகும். 2000களின் நடுவில் 16:10 லேப்டாப்கள் கொஞ்சகாலம் இருந்தன. 2008க்குப் பிறகு 16:9 எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. 2011இல் எல்காட் டெண்டர் விட்டபோது 4:3 லேப்டாப் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

அப்படி வந்த மலிவு லேப்டாப் திரைகளின் எண் 1366×768. எந்தப் பொறியாளரையும் உறுத்தும் எண் இது. 768 என்பது பழைய 1024×768இன் உயரம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் 16:9க்கு இழுத்தால் 1365.33 வரும். பிக்சலை மூன்றாக வெட்ட முடியாது, அதனால் 1366. அதை இரண்டால் வகுத்தால் 683, அது பகா எண். எட்டின் மடங்காக அகலம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த பழைய டிரைவர்கள் இதைப் பார்த்துக் குழம்பி 1360 என்றோ 1368 என்றோ காட்டும். நம் பிள்ளைகள் கையில் கிடைத்தது இப்படி ஒட்டுப்போட்ட எண்தான்.

3

என் ஊர் விருத்தாசலம். பீங்கான் ஊர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு வெள்ளைக் களிமண்ணும் வருகிறது, ஊரில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு, டீ கப் என்று சூளையிலிருந்து வராத சாமான் இல்லை. இந்த ஊர்க்காரர்களிடம் அளவு மாறுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது மறுபடி சுருங்கும். மொத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேலேகூடப் போகும். ஆகவே அச்சைப் பெரிதாகச் செய்வார்கள். வேண்டிய கப்பின் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அச்சின் அளவைப் பிடிப்பார்கள். எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் சின்ன கப் கிடைக்கும், ஆனால் கப்பாகவே கிடைக்கும். ஒரு பக்கம் வெயில் பட்டு முன்னாலேயே காய்ந்துவிட்டால் வாய் கோணி முட்டையாகிவிடும். அதை யாரும் வாங்கமாட்டார்கள்.

விளையாட்டில் நடந்தது இரண்டாவது வகை.

திட்டம் வந்த புதிதில் என் சித்தி பையன் அவனுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "டாமி ஏண்ணா இவ்ளோ குண்டா இருக்கறான்?" என்று கேட்டான். வைஸ் சிட்டியின் நாயகன் டாமி வெர்செட்டி. பிரவுசிங் சென்டரில் அவன் ஒல்லியாக, ஹவாய் சட்டை போட்டுக்கொண்டு இருந்தான். லேப்டாப்பில் பண்ருட்டி பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டான். கீழ் மூலையில் இருக்கும் வட்ட வரைபடம் முட்டையாக இருந்தது. கார்கள் எல்லாம் தட்டையாக, ரோட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடின.

கணினியில் வைஸ் சிட்டி வெளிவந்தது 2003இல். 4:3 கண்ணாடிக் குழாய்தான் உலகம் என்று நம்பிச் செய்யப்பட்டது. 4:3 படத்தை 16:9 திரை முழுக்கப் பரப்பினால், அகலம் உயரத்தைவிடச் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும். டாமியின் இடுப்பு 30 என்றால் அது 40 ஆகிவிடும், உயரம் அப்படியே இருக்கும். அவ்வளவுதான் அவன் குண்டானதன் ரகசியம்.

பழைய குழாய் மானிட்டரில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? அதில் நிலையான பிக்சல் கிடையாது. எலக்ட்ரான் கற்றை 480 வரியும் போடும், 768 வரியும் போடும். எந்த ரெசல்யூஷனைக் கொடுத்தாலும் குழாய் முழுக்கப் பரவும், குழாயும் 4:3, படமும் 4:3. கொஞ்சம் கோணினால் மானிட்டரின் கீழே இருக்கும் பொத்தானைத் திருகிச் சரிசெய்துவிடலாம். எல்சிடி அப்படி இல்லை. 1366க்கு 768 புள்ளிகள் கண்ணாடியிலேயே பதிந்திருக்கின்றன. வேறு எந்த எண் வந்தாலும் யாரோ ஒருவர் அதை இழுக்க வேண்டும், அல்லது வெட்ட வேண்டும், அல்லது கறுப்பு விட வேண்டும்.

4

இழுப்பது, வெட்டுவது, கறுப்பு விடுவது. இந்த மூன்றைத் தவிர நான்காவதாக ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கறுப்பு விடுவது எளிது. இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் டிரைவரின் அமைப்புக்குள் போய், முழுத்திரைக்கு இழு என்பதை மாற்றி, விகிதத்தைக் காப்பாற்று என்று தேர்ந்தெடுத்தால் போதும். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 1999இல் வந்த ஆட்டம். அதன் மெனுவில் மூன்றே மூன்று அளவுகள்: 800×600, 1024×768, 1280×1024. கடைசி அளவு இந்தத் திரையின் உயரத்துக்குள் அடங்காது. நடு அளவு உயரத்தில் கச்சிதமாக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் 171 பிக்சல் கறுப்பு விடும். வரைந்த படங்களால் ஆன ஆட்டம் என்பதால் இதுதான் அதற்கு அழகும்கூட. ஆனால் புது லேப்டாப் வாங்கி வந்தவன் திரையில் கால்வாசி கறுப்பாக இருப்பதை ஏற்கமாட்டான். "ஸ்கிரீன் வேஸ்ட் ஆவுதுண்ணா" என்பான். நம்ம ஆளுங்களுக்கு இலையில் காலியிடம் இருக்கக்கூடாது.

வெட்டுவதற்குச் சிறந்த உதாரணம் பழைய 'கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6'. அதன் எஞ்சின் கிடைவாக்கில் 90 டிகிரி பார்வை என்று முடிவு கட்டிவைத்திருந்தது. 4:3 திரையில் அப்போது செங்குத்துப் பார்வை சுமார் 74 டிகிரி. அகலத்திரையில் அதே 90ஐ வைத்துக்கொண்டு உயரத்தைக் குறைத்தால் செங்குத்துப் பார்வை 59 டிகிரிக்கு இறங்கிவிடும். அகலத்திரை வாங்கியவனுக்குப் பக்கவாட்டில் ஒன்றும் கூடுதலாகத் தெரியாது, மேலும் கீழும் மட்டும் குறைவாகத் தெரியும். பெட்டிமேல் ஏறி நிற்பவன் சுடுவது தெரியாமல் செத்துப்போன பல பேருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இதே காலத்தில் சினிமாவிலும் இந்த வேலை நடந்தது. 1964இல் வந்த 'கர்ணன்' 2012 மார்ச்சில் டிஜிட்டலாக மெருகேற்றப்பட்டு, ஸ்கோப் வடிவில் மறுபடி வெளியானது. தியேட்டர்களில் நன்றாக ஓடியது. உயரமான சட்டகத்தில் எடுத்த படம் அகலமான சட்டகத்துக்குப் போக வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். கிரீடத்தின் நுனியையா, பாதத்தையா, அல்லது சிவாஜியின் முக அளவையா? சினிமாவில் அதை யாரோ ஒரு நிபுணர் காட்சிக்குக் காட்சி உட்கார்ந்து முடிவுசெய்தார். லேப்டாப்பில் பிளஸ் டூ பையன் முடிவுசெய்தான்.

நான்காவது வழி, பார்வையை உண்மையிலேயே விரிப்பது. உயரத்தைத் தொடாமல் பக்கவாட்டில் புதிதாக உலகத்தைக் காட்டச் சொல்வது. அதே 74 டிகிரி செங்குத்தைக் காப்பாற்றினால் 16:9 திரையில் கிடைப்பார்வை 106 டிகிரி ஆகும். முப்பரிமாண ஆட்டங்களில் இது முடியும், ஏனென்றால் உலகம் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறது, சட்டகம் மட்டும்தான் அதை மறைக்கிறது. சினிமாவில் கேமரா பார்க்காத இடம் இல்லாத இடம். விளையாட்டில் பார்க்காத இடமும் இருக்கும் இடம்தான். இதைச் செய்ய மெனுவில் பொத்தான் இருக்காது. ஆட்டத்தின் வயிற்றைக் கிழிக்க வேண்டும்.

5

எப்படிக் கிழிப்பது? ஒரு கணினி நிரலுக்குள் 4:3 என்ற விகிதம் பெரும்பாலும் 1.3333 என்ற தசம எண்ணாக, நான்கு பைட்டுகளில் உட்கார்ந்திருக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் அது 'ஏபி ஏஏ ஏஏ 3எஃப்' என்று தெரியும். அதைத் தேடி, 16:9க்கு உரிய '39 8ஈ ஈ3 3எஃப்' என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். பல ஆட்டங்களில் இந்த ஒரு மாற்றமே போதும், டாமி மாதிரி ஆட்கள் மெலிந்துவிடுவார்கள். சில ஆட்டங்களில் அந்த எண் பத்து இடத்தில் இருக்கும், எதை மாற்றினால் எது உடையும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதனால் அசல் கோப்பை முதலில் நகல் எடுத்து வைப்பது விதி.

ரெசல்யூஷன் கதையும் இதேதான். 2006 கடைசியில் வந்த 'கிரிக்கெட் 07' தமிழ்நாட்டில் அடுத்த பத்து வருஷம் ஆடப்பட்டது. அதன் பிறகு இஏ நிறுவனம் கணினிக்குப் பெரிய கிரிக்கெட் ஆட்டம் எதுவும் தரவில்லை. ஐபிஎல் பிறந்ததே அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான், இருந்தாலும் ரசிகர்கள் சட்டையும் அணியும் மாற்றி மாற்றி அதிலேயே தோனியைச் சென்னைக்கு ஆடவைத்தார்கள். அந்த ஆட்டத்தின் மெனுவில் 1366×768 கிடையாது. பொதுவாக இப்படிப்பட்ட ஆட்டங்களில் 1024 என்ற எண் '00 04' என்று இருக்கும். அதை '56 05' என்று மாற்றினால் 1366. ஏன் தலைகீழாக? இன்டெல் சில்லுகள் எண்ணின் சின்னப் பகுதியை முன்னாலும் பெரிய பகுதியைப் பின்னாலும் எழுதும். பதினாறின் அடிமான எண்முறை, எண்கள் நினைவகத்தில் கிடக்கும் வரிசை, மிதவைப் புள்ளி எண் என்று பொறியியல் கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தும் சமாசாரம் இது. எங்கள் தெருவில் ஒரு பையன் கோலி கொலைகொலையாக அகலமாக ஓடுவது பிடிக்காமல் இதைச் செய்தான்.

பிழை எல்லாத் திசையிலும் வரும். 1989இன் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' டாஸில் 320×200 பிக்சலில் ஓடிய ஆட்டம். எண்ணை மட்டும் பார்த்தால் 16:10, அகலத்திரைக்கே செய்தது போல இருக்கும். ஆனால் அந்தக் காலக் குழாய் அதை 4:3ஆகத்தான் காட்டியது, ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருந்தது. சதுரப் பிக்சல் உள்ள இன்றைய திரையில் எண்ணை நம்பிப் போட்டால் இளவரசன் குள்ளமாகிவிடுவான். டாஸ்பாக்ஸ் நிரலின் அமைப்புக் கோப்பில் விகிதத் திருத்தத்தை உயிர்ப்பித்தால் 200 வரி 240 வரியாக உயர்ந்து ஆள் நிமிர்வான். எண் சரியாக இருந்தாலும் வடிவம் தப்பாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

6

இலவச லேப்டாப் திட்டத்தின்மேல் சொல்லப்பட்ட முதல் குற்றச்சாட்டு, "படிக்கக் கொடுத்தா கேம் ஆடுறானுங்க, படம் பாக்குறானுங்க" என்பது. டீக்கடையில் தொடங்கி ஆங்கிலத் தொலைக்காட்சி விவாதம் வரை இதே வாக்கியம்தான். ஆடினார்கள், பொய்யில்லை. ஆடியவற்றில் பெரும்பகுதி திருட்டுப் பிரதி, அதுவும் பொய்யில்லை. எல்லாரும் ஹெக்ஸ் எடிட்டர் திறந்தார்கள் என்றும் நான் சொல்லவரவில்லை. பெரும்பாலானவர்கள் குண்டு டாமியோடே முழு ஆட்டத்தையும் முடித்தார்கள். பழகிவிட்டது. அக்காவுக்குக் கொடுத்த லேப்டாப் தம்பி கையில் போய்ச் சேர்ந்த வீடுகளும் நிறைய. இந்தக் கட்டுரையில் பையன், அவன், இவன் என்றே நான் எழுதிக்கொண்டிருப்பது தற்செயல் இல்லை. விளையாடி, உடைத்து, திருத்திப் பார்க்கும் நேரம் வீட்டில் யாருக்குக் கிடைத்தது என்பதும் இந்த வரலாற்றின் பகுதி.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அதுவே வீட்டுக்கு வந்த முதல் கணினி. கணினி ஆசிரியர் சொல்லித்தந்தது எக்செல், பவர்பாயின்ட். அது உபயோகிப்பவரின் கல்வி. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்ற கல்வி. டாமியை மெலியவைக்க முயன்றவன் கற்றது வேறு. திரையில் தெரிவது இயற்கை அல்ல, யாரோ எங்கோ ஒரு எண்ணை எழுதிவைத்ததால் அப்படித் தெரிகிறது, அந்த எண்ணை மாற்றலாம். மாற்றினால் சில நேரம் உடையும், உடைந்தால் நகலைத் திருப்பிப் போடலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு நான் தினமும் செய்வதும் இதே வேலைதான். பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இல்லை, திட்ட அறிக்கைகளில் இதை எண்ணும் கட்டமும் இல்லை. எத்தனை லேப்டாப் கொடுத்தோம் என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கு எடுக்கப்பட்டிருந்தால் விவாதம் வேறு மாதிரி போயிருக்கும்.

பிழை என்று நாம் திருத்தியதையே விரும்பித் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. போட்டிகளில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுபவர்களில் கணிசமானோர் இன்றும் அகலத்திரையில் 4:3 படத்தை வேண்டுமென்றே இழுத்து ஆடுகிறார்கள். எதிரி அகலமாகத் தெரிந்தால் குறிவைக்க வசதி என்பது அவர்கள் வாதம். சரியோ தப்போ, அது அவர்கள் எடுத்த முடிவு. கோணிய கப்பை யாரோ தலையில் கட்டுவதும், கோணலாக வேண்டும் என்று கேட்டு வாங்குவதும் ஒன்றல்ல.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கு 2013இல் அகலத்திரைப் பதிப்பே வந்துவிட்டது. அதற்கு முன்பே ரசிகர்கள் தாங்களாக ஒரு திருத்தம் செய்து அதை அகலத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், கம்பெனி பின்னால்தான் வந்தது. மூடியில் முதல்வர் படம் போட்ட லேப்டாப்களில் பல இப்போது பேட்டரி உப்பி பரண்மேல் கிடக்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தோடு திட்டமும் நின்றது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மறுபடி கணினி தருவதாக அறிவித்தார்கள்.

இதற்குள் கண்ணாடி வெட்டும் கணக்கு மறுபடி மாறிவிட்டது. 2020ஐ ஒட்டி லேப்டாப் கம்பெனிகள் 16:10க்குத் திரும்பத் தொடங்கின. இழந்த உயரம் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. ஆனால் நடுவில் வந்த பத்து வருஷ ஆட்டங்களில் பல, 16:9தான் உலகம் என்று நம்பிச் செய்யப்பட்டவை. புதுத் திரையில் அவை மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு நிற்கும். அந்தப் பட்டை பிடிக்காத ஒருத்தியோ ஒருத்தனோ எங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்படும் எண் 1.6. நினைவகத்தில் அது 'சிடி சிசி சிசி 3எஃப்' என்று கிடக்கும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கவும்.